நன்னீர் மட்டியின் இளவுயிரியும் மருந்துப் பொருள்களும்

மும்பை மாநகரின் மேற்குக் கரையில், மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே மித்தி ஆறு கடலில் கலக்கின்றது. விஹார், பவாய் ஆகிய இரண்டு ஏரிகளின் உபரி நீரே இவ்வாற்றின் தோற்றுவாய். சுமார் 18 கிலோமீட்டர் தொலைவே ஓடும் இச்சிற்றாறு, சாக்கி நாகா, குர்லா, தாராவி ஆகிய பகுதிகளைக் கடந்து மாஹிம் கழிமுகத்தை அடைவதற்குள், ஆறு என்னும் பெயரை மட்டும் தாங்கிய கழிவுநீர்க் கால்வாயாக மாறிவிடுகின்றது. 2005 ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாகி, மித்தி கரை புரண்டு நகரையே மூழ்கடித்த பின்னரே, இவ்வாற்றுக்கென ஒரு வளர்ச்சி, பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. ஆற்றின் அகலமும் ஆழமும் அன்றுமுதல் அனைவரின் கவனத்தையும் பெற்றுள்ளன. ஆனால் நீரில் கரைந்து, நிறமோ மணமோ இன்றிக் கடலை நோக்கிச் செல்லும் பொருள்களும் அதே அளவு கவனத்துக்கு உரியவை.

அப்பொருள்களுள் ஒரு வகை மருந்துகள். நாம் உட்கொள்ளும் மாத்திரையின் ஒரு பகுதி உடலில் மாற்றமடையாமலேயே சிறுநீருடனும் மலத்துடனும் வெளியேறுகின்றது. சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கரிமக் கழிவையும் மிதக்கும் திண்மங்களையும் அகற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. நுண்ணளவில் கரைந்துள்ள மருந்துகளை முழுவதும் நீக்குவது அவற்றின் நோக்கமன்று. இவ்வாறு நீரை அடையும் மருந்து அங்கு வாழும் உயிர்களை என்ன செய்கின்றது என்பதை எவ்வாறு அறிவது?

நம் நாட்டில் இதற்கு ஓர் அளவுகோல் ஏற்கெனவே உள்ளது. 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் அடங்கியுள்ள பொதுவான கழிவுநீர்த் தரங்களின்படி, கலப்பற்ற கழிவுநீரில் விடப்படும் மீன்களில் நூற்றுக்குத் தொண்ணூறு 96 மணி நேரத்துக்குப் பின்னரும் உயிருடன் இருத்தல் வேண்டும். இந்த அளவுகோல் எளிமையானது, பயனுள்ளதுமாகும். எனினும் அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மீன் பிழைத்ததா, இறந்ததா? உயிருடன் இருந்தும் செயலிழந்து போகும் உயிர்களைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. அக்குறையை நிரப்பக்கூடிய ஒரு சிறு உயிரியைப் பற்றியும், அதன் ஒற்றைத் தசை மருந்துகளுக்கு எவ்வாறு எதிர்வினை புரிகின்றது என்பதைப் பற்றியும் இக்கட்டுரை விளக்குகின்றது.

ஒரே ஒரு வாய்ப்பு

நன்னீர் மட்டி நம் நாட்டுக் குளங்களிலும் ஆறுகளிலும் மணலில் பாதி புதைந்து வாழும் இரட்டை ஓட்டு உயிரி. கல்லூரி விலங்கியல் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் பார்க்கும் லாமெல்லிடென்ஸ் இந்த இனத்தைச் சேர்ந்ததே. செவுள்களின் வழியாக நீரை இழுத்து, அதிலுள்ள நுண்பாசிகளையும் துகள்களையும் வடிகட்டி உண்பது இதன் இயல்பு. ஆகவே நீரில் கரைந்துள்ள எப்பொருளும் இதன் உடலைத் தொடாமல் செல்வதில்லை.

தாய் மட்டி தன் முட்டைகளை நீரில் விட்டுவிடுவதில்லை. செவுள்களுக்குள்ளேயே அவற்றை வைத்து அடைகாக்கின்றது. அங்கு வளரும் இளவுயிரிக்குக் குளோக்கிடியம் என்று பெயர். இதன் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. 1797 ஆம் ஆண்டில் ராத்கே என்னும் அறிஞர், மட்டியின் செவுளில் இந்தச் சிற்றுயிர்களைக் கண்டு, அவை மட்டியை அண்டி வாழும் ஒட்டுண்ணிகள் எனக் கருதி, குளோக்கிடியம் பாரசிட்டிகம் என்று பெயரிட்டார். அவை மட்டியின் சொந்தக் குஞ்சுகளே என்பது பின்னர் உறுதியாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ராத்கேயின் தவற்றிலும் ஓர் உண்மை இருந்தது. குளோக்கிடியம் ஒட்டுண்ணிதான், ஆனால் அது ஒட்டி வாழ்வது மட்டியின் மீதன்று, மீனின் மீது.

குளோக்கிடியத்தின் அளவு பெரும்பாலான இனங்களில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டு சிறு ஓடுகள், அவற்றை இணைக்கும் ஒரே ஒரு மூடு தசை, சில உணர்மயிர்க் கற்றைகள் ஆகியவையே அதன் முக்கிய உறுப்புகள். வளர்ந்த மட்டிக்கு முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரண்டு மூடு தசைகள் உண்டு; இளவுயிரிக்கு ஒன்றுதான். அதற்கு வாயும் குடலும் செயற்படும் நிலையில் இல்லை. தாயிடமிருந்து வெளியேறிய பின், இனத்திற்கேற்பச் சில மணி நேரமோ சில நாள்களோதான் அது தனித்து வாழ இயலும். அதற்குள் ஒரு மீன் அருகில் வரவேண்டும். மீனின் செவுளோ துடுப்போ ஓடுகளுக்கு இடையே படவேண்டும். அந்நொடியில் தசை சுருங்கி ஓடுகள் மூடிக்கொள்ள வேண்டும். பற்றிக்கொண்டால், மீனின் தோல் வளர்ந்து இளவுயிரியை மூடிக்கொள்ளும். அந்த உறைக்குள் சில வாரங்களில் அது இளமட்டியாக உருமாறி, பின்னர் மீனை விட்டு உதிர்ந்து ஆற்றுப் படுகையை அடையும். பற்றாவிட்டால் அதன் வாழ்வு அத்துடன் முடிந்தது.

தன்னால் நீந்திச் செல்ல முடியாத மட்டி, மீன்களின் மீது ஏறி ஆற்றின் மேற்பகுதிக்குப் பரவுவது இவ்வழியில்தான். ஆகவே ஒரு மட்டிக் கூட்டத்தின் எதிர்காலம் முழுவதும் அந்த ஒற்றைத் தசை உரிய நேரத்தில் சுருங்குவதையே சார்ந்துள்ளது. மீன் வருவதற்கு முன்பே சுருங்கிக்கொண்டாலும் கேடு. மீன் வந்த பின்னரும் சுருங்காமல் இருந்தாலும் கேடு. இவ்விரண்டில் எதுவும் நேர, இளவுயிரி இறக்க வேண்டியதில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

தசையை இயக்கும் வேதிப்பொருள்கள்

மருந்து தசையைப் பாதிப்பது எவ்வாறு என்பதை அறிய, தசை இயங்கும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். ஓய்விலுள்ள தசைச் செல்லின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே ஒரு மின்னழுத்த வேறுபாடு நிலவுகின்றது. இவ்வேறுபாடு குறையும்போது செல்லினுள் கால்சியம் அயனிகளின் செறிவு உயர்ந்து தசை சுருங்குகின்றது. வெளியே பொட்டாசியத்தின் செறிவை உயர்த்தினால் மின்னழுத்த வேறுபாடு தானாகவே குறையும், தசை சுருங்கும். மக்னீசியத்தின் செறிவை உயர்த்தினாலோ நரம்புத் தூண்டல் தடைபட்டுத் தசை தளரும். மட்டியின் ஓட்டை உடைக்காமல் திறந்து பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் மக்னீசியம் குளோரைடு கரைசலைப் பயன்படுத்துவது இக்காரணத்தாலேயே.

இயற்கையில் தசைக்கு ஆணை பிறப்பிப்பவை நரம்பு முனைகளில் சுரக்கும் தூதுப் பொருள்கள். மட்டி இனங்களில் இவற்றுள் முதன்மையானவை அசெட்டைல்கோலினும் செரோட்டோனினும் ஆகும். 1950 களின் தொடக்கத்தில் பெட்டி ட்வாரோக் என்னும் அமெரிக்கப் பெண் விஞ்ஞானி கடல் மட்டியின் ஒரு தசையை ஆராய்ந்து, 1954 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அசெட்டைல்கோலின் அத்தசையைச் சுருங்கச் செய்கின்றது. சுருங்கிய தசை தூண்டல் நின்ற பின்னரும் பூட்டப்பட்டது போல் நெடுநேரம் அதே நிலையில் நிற்கின்றது. செரோட்டோனின் சேர்த்தவுடன் அப்பூட்டு விடுபட்டுத் தசை தளர்கின்றது என்பவை அவருடைய முடிவுகள். மட்டி மிகக் குறைந்த ஆற்றலைச் செலவிட்டு மணிக்கணக்கில் ஓட்டை மூடிவைத்திருப்பதன் இரகசியம் இந்தப் பூட்டு நிலையே. செரோட்டோனின், செல்லினுள் ஒரு நொதியைத் தூண்டி, ட்விட்சின் என்னும் புரதத்துடன் பாஸ்பேட்டை இணையச் செய்வதால் பூட்டு விடுபடுகின்றது என்பது 1990 களின் இறுதியில் விளங்கிற்று.

இதில் ஒரு செய்தி நம்மை வியக்க வைக்கும். இதே ட்வாரோக்தான், பேஜ் என்பவருடன் இணைந்து, பாலூட்டிகளின் மூளையில் செரோட்டோனின் உள்ளது என்பதை 1953 இல் வெளியிட்டார். மட்டியின் தசையைத் தளர்த்தும் அதே பொருள் மனிதனின் மனநிலையோடும் தொடர்புடையது. உயிரின வரலாற்றில் மிகப் பழைமையான இத்தூதுப் பொருளை மனிதனும் மட்டியும் பொதுவாகக் கொண்டுள்ளனர். எனவே, மனிதனின் செரோட்டோனினை மாற்றியமைக்கத் தயாரிக்கப்படும் ஒரு மருந்து, ஆற்றை அடைந்தபின் மட்டியையும் தொடும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

பலட்டான் ஏரிக்கரை ஆய்வுகள்

இளவுயிரியின் தசையையே ஓர் ஆய்வுக் கருவியாக்கிய பெருமை ஹங்கேரி நாட்டைச் சாரும். அந்நாட்டின் பலட்டான் ஏரிக்கரையில் டிஹானி என்னும் ஊரில் 1927 ஆம் ஆண்டு உயிரியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அந்நிலையத்தைச் சேர்ந்த லாபோஷ், ஷலாங்கி, ரோஸா ஆகிய மூவரும், அனொடோண்டா சிக்னியா என்னும் நன்னீர் மட்டியின் குளோக்கிடியத்தில் செரோட்டோனினும் பிற உயிர்ச்செயல் பொருள்களும் தோற்றுவிக்கும் விளைவுகளை 1964 இல் வெளியிட்டனர்.

அவர்களுடைய முறையின் சிறப்பு அதன் எளிமையில் உள்ளது. தசையை அறுத்தெடுத்து மின்கருவியுடன் இணைக்க வேண்டியதில்லை. இளவுயிரி கண்ணாடி போன்று ஒளி ஊடுருவக்கூடியது. உருப்பெருக்கியின் கீழ் அதனை ஒரு துளி நீரில் வைத்து, ஓடுகள் நிமிடத்துக்கு எத்தனை முறை மூடித் திறக்கின்றன என்று எண்ணினாலே போதும். ஓட்டின் அசைவே தசையின் அசைவு. டிரிப்டமின் என்னும் பொருளைச் சேர்க்கும்போது தசை சீரான தாளத்தில் சுருங்கி விரியத் தொடங்குகின்றது. செரோட்டோனினிலிருந்து ஒரு ஹைட்ராக்சில் தொகுதி மட்டும் குறைந்த நெருங்கிய உறவுப் பொருளே டிரிப்டமின். இத்தாளம் ஓர் அடிப்படை அளவாகிவிடுகின்றது. பின்னர் ஆராய வேண்டிய பொருளைச் சேர்த்தால், தாளம் விரைவடைகின்றதா, தளர்கின்றதா, அடியோடு நிற்கின்றதா, தசை சுருங்கிய நிலையிலேயே உறைகின்றதா என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இம்முறை மருந்தியலோடு நின்றுவிடவில்லை. 1970 களில் டிஹானியில் வராங்கா என்பவர் பூச்சிக்கொல்லிகளின் விளைவை இதே தசையின் தாளத்தைக் கொண்டு ஆராய்ந்தார். தூதுப் பொருளைப் பற்றிய அடிப்படை ஆராய்ச்சி, பத்தாண்டுகளில் நீர்மாசுச் சோதனையாக மாறியது என்பது ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவோர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

பூச்சிக்கொல்லிகளின் எடுத்துக்காட்டு நமக்கும் பொருந்துவதே. நம் நாட்டில் நகர்ப்புற மலேரியா ஒழிப்புப் பணியில் கொசுப் புழுக்களை அழிக்கப் பயன்படும் டெமிபாஸ், கரிமப் பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தது. இவ்வகைப் பொருள்கள் அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. ஆணையிட்ட தூதன் மேடையை விட்டு இறங்காததால், தசை மீண்டும் மீண்டும் தூண்டப்படுகின்றது. கொசுப் புழுவைக் கொல்லும் வழியும் இதுவே. அந்த நீரிலுள்ள பிற உயிர்களைப் பாதிக்கும் வழியும் இதுவே.

மனச்சோர்வு மருந்தும் மட்டியும்

1987 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபுளூவாக்செட்டின் என்னும் மனச்சோர்வு மருந்துக்கு அனுமதி வழங்கப்பட்டது. நரம்பு முனையில் சுரந்த செரோட்டோனின் மீண்டும் உள்ளிழுக்கப்படுவதை இது தடுத்து, அதன் செயலை நீட்டிக்கின்றது. இன்று உலகெங்கும் பெருமளவில் உட்கொள்ளப்படும் மருந்துகளுள் இதுவும் ஒன்று.

1998 இல் பீட்டர் ஃபாங் என்னும் அமெரிக்க உயிரியலாளர், இம்மருந்து வகையைச் சேர்ந்த பொருள்கள் மிகக் குறைந்த செறிவிலேயே வரிக்குதிரை மட்டியை இனப்பெருக்க அணுக்களை வெளியிடத் தூண்டுகின்றன என்று காட்டினார். 2010 இல் பிரிங்கால்ஃப் குழுவினர் நன்னீர் மட்டிகளில் ஃபுளூவாக்செட்டினைச் சோதித்தனர். உயர்ந்த செறிவுகளில் தாய் மட்டிகள் உயிர்த்திறனற்ற இளவுயிரிகளை வெளியேற்றின; குளோக்கிடியங்கள் வளர்ந்த மட்டிகளைவிட எளிதில் பாதிக்கப்பட்டன. இச்சோதனைகளில் பயன்படுத்திய செறிவுகளுள் பல, பொதுவாக ஆறுகளில் காணப்படும் அளவைவிட மிகுதியானவை என்பதையும் கூறியாக வேண்டும். ஆய்வகத்தில் கண்டதை அப்படியே ஆற்றுக்குப் பொருத்துவது அறிவியலாகாது. ஆனால் ஆற்றில் ஒரு மருந்து மட்டும் இருப்பதில்லை. ஒரே நரம்பு வழியைத் தொடும் பல மருந்துகள் ஒன்றாக இருக்கும். அவற்றின் கூட்டு விளைவை வேதிப் பகுப்பாய்வு தனித்தனி எண்களாகவே காட்டும். தசையோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விடையைத் தரும்.

இந்திய நிலை

மருந்து நீரிலும் நிலத்திலும் இறங்கினால் என்ன நேரும் என்பதை நம் நாடு அனுபவத்தால் அறிந்துள்ளது. கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்குளோஃபினாக் மருந்து, இறந்த மாடுகளை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து, அவ்வினங்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. 2006 இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. 2007 இல் லார்சனும் அவருடைய குழுவினரும், ஐதராபாத் அருகேயுள்ள பட்டான்சேருவில், பல மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளிவந்த நீரை ஆராய்ந்து, அதில் சிப்ரோஃபிளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக வெளியிட்டனர். நோயாளியின் இரத்தத்தில் இருக்க வேண்டிய அளவையும் விஞ்சிய செறிவு இது.

2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவு அறிவிக்கை, மருந்துத் தொழிற்சாலைக் கழிவுநீரில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சத்துக்கு வரம்புகளை முன்மொழிந்தது. 2021 ஆகஸ்டில் வெளிவந்த இறுதி அறிவிக்கையில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி வரம்பு விதித்து, ஒவ்வொன்றையும் விலையுயர்ந்த கருவிகளால் அளந்து கண்காணிப்பது எளிய பணியன்று. அதனாலேயே உயிரிச் சோதனைகளின் தேவை மிகுகின்றது.

இதற்கான அறிவுத்தளம் நம்மிடம் இல்லாமலில்லை. திருப்பதி ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் கே.எஸ். சுவாமியும் அவருடைய மாணவர்களும், அவுரங்காபாத்தில் இருந்த மராத்வாடா பல்கலைக்கழகத்தில் நாகபூஷணமும் அவர்தம் குழுவினரும் நன்னீர் மட்டிகளின் உடலியங்கியலை விரிவாக ஆராய்ந்துள்ளனர். புவனேசுவரம் அருகே கௌசல்யகங்காவிலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம், லாமெல்லிடென்ஸ் மட்டியைக் கொண்டு நன்னீர் முத்து வளர்ப்பு முறையை உருவாக்கியுள்ளது. மாஹிமுக்கு அண்மையிலேயே வெர்சோவாவில், 1961 இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் உள்ளது. மட்டியும் உண்டு, மட்டியை அறிந்தோரும் உண்டு.

சோதனை செய்யும் முறை

மாணவர்களும் ஆய்வக அலுவலர்களும் புரிந்துகொள்ளும் பொருட்டு, குளோக்கிடியச் சோதனையின் மிக எளிய வடிவத்தை இங்குத் தருகிறோம். முதிர்ந்த இளவுயிரிகளைத் தாங்கிய தாய் மட்டிகள் குறைந்தது மூன்றிலிருந்து இளவுயிரிகளைச் சேகரித்துக் கலக்க வேண்டும். செவுளிலிருந்து சிறு ஊசிக்குழலால் நீரைப் பாய்ச்சி அவற்றை வெளியேற்றலாம். இவ்வாறு செய்தால் தாயைக் கொல்ல வேண்டியதில்லை. அதனை எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடலாம்.

இளவுயிரிகளை ஒரு பகுதி தூய நன்னீரிலும், மறுபகுதி சோதிக்க வேண்டிய நீரிலும் இட்டு, 24 மணி நேரம் ஒரே வெப்பநிலையில் வைக்க வேண்டும். பின்னர் ஒவ்வொன்றிலிருந்தும் சுமார் 100 இளவுயிரிகளை எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் எத்தனை மூடியுள்ளன என எண்ண வேண்டும். அடுத்து, செறிந்த உப்புக் கரைசலில் ஒரு துளியைச் சேர்க்க வேண்டும். உயிர்த்திறன் உள்ள தசை உடனே சுருங்கி ஓட்டை மூடும். இப்போது மூடியவற்றின் எண்ணிக்கையிலிருந்து முன்பு மூடியிருந்தவற்றைக் கழித்தால், மீனைப் பற்றும் திறனுடைய இளவுயிரிகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தூய நீரில் உப்புக்கு முன் 4, உப்புக்குப் பின் 98 மூடியிருந்தன எனில் திறன் 94 விழுக்காடு. இது 90 க்குக் குறைந்தால் அந்த மட்டிகள் சோதனைக்கு ஏற்றவை அல்ல என்று கொண்டு மீண்டும் தொடங்க வேண்டும். சோதனை நீரில் உப்புக்கு முன் 55, உப்புக்குப் பின் 97 எனில் திறன் 42 விழுக்காடு மட்டுமே. இங்கு 3 இளவுயிரிகளே அசைவற்றுத் திறந்து கிடக்கின்றன. இறந்தவற்றை மட்டும் எண்ணும் ஒருவர், இந்த நீரில் நூற்றுக்கு மூன்றே இழப்பு என்று அறிக்கை எழுதக்கூடும். ஆனால் பாதிக்கு மேற்பட்டவை மீனைச் சந்திக்கும் முன்பே கதவை அடைத்துக்கொண்டன. மட்டிக் கூட்டத்தைப் பொறுத்தவரை அவையும் இழப்பே. மருந்தின் விளைவு இறப்பில் தோன்றாமல் தசையின் செயலில் தோன்றுவது என்பதன் பொருள் இதுதான்.

மாஹிமில் ஓர் எச்சரிக்கை

மேற்கூறிய சோதனையை மாஹிம் பாலத்தடியில் எடுத்த நீரில் செய்து பார்த்தால் என்ன நேரும்? அநேகமாக எல்லா இளவுயிரிகளும் மூடிக்கொள்ளும். மருந்து மிகுதி என்று அதனைக் கொண்டு முடிவு செய்வது பெரும் பிழையாகும். மாஹிம் கழிமுகத்தில் ஒவ்வோர் ஓதத்தின்போதும் கடல்நீர் உட்புகுகின்றது. கடல்நீரில் ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு உப்பு. நாம் தசையைச் சோதிக்கச் சேர்க்கும் உப்பே அங்கு நீரில் ஏற்கெனவே கலந்துள்ளது. நன்னீர் இளவுயிரி கழிமுகத்தின் குடிமகன் அன்று. அங்கு அதன் சாட்சியம் செல்லாது.

ஆகவே சோதனை நடத்த வேண்டிய இடங்கள் மூன்று: ஏரிகளின் உபரி நீர் வெளியேறும் தலைப்பகுதி, ஓதம் எட்டாத நடுப்பகுதியில் வடிகால்கள் சேரும் முகப்புகள், மருத்துவமனைகளும் தொழிற்கூடங்களும் கழிவுநீரை வெளியிடும் வாய்க்கால்கள். ஒவ்வோரிடத்திலும் உப்பின் அளவு, கடினத்தன்மை, பொட்டாசியம், அம்மோனியா, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றையும் உடன் அளத்தல் இன்றியமையாதது. பொட்டாசியம் தானே தசையைச் சுருக்கும் என்பதை முன்பே கண்டோம். அம்மோனியா நன்னீர் மட்டிக் குஞ்சுகளுக்குக் கொடிய நஞ்சு. கழிவுநீரில் இரண்டும் இருக்கும். இவற்றின் விளைவைக் கழித்த பின்னர் எஞ்சுவதையே மருந்துகள் போன்ற பிற பொருள்களின் கணக்கில் வைக்கலாம். அதன்பின் எந்த மருந்து என்பதை உறுதிசெய்வது வேதிப் பகுப்பாய்வின் பணி.

சுருங்கக் கூறின், இளவுயிரி குற்றவாளியின் பெயரைச் சொல்லாது. குற்றம் நடந்துள்ளது என்று மட்டும் கூறும். எந்தக் கழிவு வாய்க்காலில் விலையுயர்ந்த பகுப்பாய்வைச் செய்ய வேண்டும் என்பதை மலிவாகக் காட்டிக்கொடுப்பதே அதன் பயன். ஓர் உருப்பெருக்கி, சில கண்ணாடிக் கிண்ணங்கள், உப்பு, பயிற்சி பெற்ற ஒருவர் ஆகியவை இருந்தால் மாவட்ட அளவிலான ஆய்வகத்திலும் கல்லூரியிலும் இதனைச் செய்யலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, நம் நாட்டு லாமெல்லிடென்ஸ் இனங்களின் இளவுயிரிகளுக்கு உரிய அடிப்படை அளவுகள் வகுக்கப்பட வேண்டும். அனொடோண்டாவின் குளோக்கிடியத்துக்குக் கொக்கிகள் உண்டு. அது மீண்டும் மீண்டும் மூடித் திறக்கும். கொக்கியற்ற இளவுயிரிகள் வேறு விதமாக நடந்துகொள்ளலாம். ஐரோப்பிய எண்களை அப்படியே கடன் வாங்குதல் பொருந்தாது. இரண்டாவதாக, 96 மணி நேர மீன் சோதனையை நீக்காமல், செயலிழப்பை அளக்கும் ஒரு துணைச் சோதனையாக இதனைச் சில நதிகளில் முன்னோடியாக நடத்திப் பார்க்கலாம். மூன்றாவதாக, பயன்படுத்தாத மருந்துகளைக் கழிவறையிலும் சாக்கடையிலும் கொட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். மருந்துக் கடைகளே அவற்றைத் திரும்பப் பெறும் ஏற்பாடு பரவ வேண்டும். இதில் அரசுக்கும் குடிமக்களுக்கும் சமபங்கு உண்டு.

மாஹிம் கழிமுகத்தின் கரையில், தாராவியை ஒட்டி, ஒரு காலத்தில் குப்பைமேடாக இருந்த 37 ஏக்கர் நிலம் இன்று மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகப் பசுமையுடன் விளங்குகின்றது. 1994 இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அப்பூங்கா, கெட்டுப்போன நிலத்தையும் மீட்க முடியும் என்பதற்குக் கண்கூடான சான்று. அதன் அருகே ஓடும் நீரை மீட்பது கடினமான பணி. நிலத்தின் சீர்கேடு கண்ணுக்குத் தெரிந்தது, நீரின் சீர்கேட்டில் பெரும்பகுதி தெரிவதில்லை. தெரியாததைத் தெரிய வைக்கும் பொறுப்பில் ஒரு பங்கை, அரை மில்லிமீட்டர் அளவும் இல்லாத இளவுயிரியின் ஒற்றைத் தசை ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கின்றது. அதனை எண்ணிப் பார்க்கும் கண்களே நமக்குத் தேவை.